படத்தில் பின்னால் வரும் பெண்

மிசிசாகா
12 அக்டோபர் 2024

அன்புத் தம்பி மின்ஹாஜுக்கு,

ஏகாம்பரம் எழுதுகிறேன். இங்கே என் தொண்டையைத் தவிர மற்றவை நலம். நீயும் ஸாலிஹாவும் நுஸ்ராவும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். எங்கள் சாமியிடம்தான், தப்பாக நினைக்காதே.

போனில் பேசாமல் இது என்ன கடிதம் என்று சிரிப்பாய். ஜனவரியில் குடித்த புகையோடு என் குரல் போனது போனதுதான். போனில் பேசினால் எதிரில் இருப்பவர்கள் ஹலோ ஹலோ என்று கத்திவிட்டு வைத்துவிடுகிறார்கள். விழுப்புரத்தில் ரயில் தபால் பிரிக்கும் வேலையில் ஆயுசைக் கழித்தவன் நான். எனக்குக் கடிதம் கசக்காது. படிக்கிற உன் பாடுதான் திண்டாட்டம்.

வோபர்னில் நம் கட்டடம் எரிந்த அந்த மத்தியானத்துக்குப் பிறகு உனக்கு ஒழுங்காக நன்றி சொல்ல எனக்கு வாய்க்கவே இல்லை. முட்டி ஆபரேஷன் முடிந்து நான் கட்டிலில் கிடந்தேன். ஹரிஷும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள், வீட்டில் நானும் என் வீட்டுக்காரியும்தான். லிப்ட் நின்றுவிட்டது. எதிர்வீட்டுக்காரன் என்பதைத் தவிர எங்களுக்கும் உனக்கும் என்ன உறவு? கதவைத் தட்டி வந்து என்னை முதுகில் போட்டுக்கொண்டு பதினோரு மாடி இறங்கினாய். சாந்தா என் கையில் பூஜை அலமாரிப் பிள்ளையாரைத் திணித்துவிட்டு, உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். அந்தப் பிள்ளையார் வழியெல்லாம் உன் காதில் இடித்துக்கொண்டே வந்தார். நீ இறங்கிக்கொண்டே இருந்தாய்.

பிப்ரவரியில் சாந்தா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியபோது நீ வந்து ஓரமாக நின்றாய். அன்றைக்கும் என்னால் பேச முடியவில்லை. பிறகு நாங்கள் இங்கே வந்துவிட்டோம், நீங்கள் ரூஜுக்குப் போய்விட்டீர்கள்.

இப்போது நன்றி சொல்ல ஒரு வழி கிடைத்திருக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவி வீட்டைக் காலி செய்துகொண்டு மகளிடம் போகிறாள். அவள் கராஜில் கதவு அகலத்துக்கு ஓர் ஓவியம். நானூறு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் ஊரில் ஒருவர் வரைந்ததைப் பார்த்து, அவள் புருஷன் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினாராம். படம் முக்கால்வாசி இருட்டு. ஒரு மூலையில் ஊர் எரிகிறது, அந்த வெளிச்சத்தில் ஒரு வாலிபன் தன் கிழத் தகப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். கிழவர் கையில் என்ன தெரியுமா? சின்னச் சின்ன சாமி சிலைகள். என்னைப் போலவே மொட்டைத் தலை. அதைப் பார்த்ததும் நான் அங்கேயே அழுதுவிட்டேன். கிழவி என்ன நினைத்தாளோ, எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டாள்.

அது உனக்குச் சேர வேண்டியது. ஹரிஷ் ஞாயிற்றுக்கிழமை வேனில் கொண்டு வருவான். ஹாலில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் மாட்டு. யாராவது கேட்டால் இது நான், இது எதிர்வீட்டுத் தாத்தா என்று சொல்.

என்றும் கடமைப்பட்ட,
ஏகாம்பரம்


ரூஜ், ஸ்காபரோ
23 அக்டோபர் 2024

அன்புள்ள ஏகாம்பரம் ஐயாவுக்கு,

ஆண்டவன் உங்களுக்கு நல்ல சுகத்தையும் பழைய குரலையும் தர வேண்டும் என்ற துஆவுடன் ஸாலிஹா எழுதுவது. கடிதம் மின்ஹாஜுக்குத்தான் வந்தது, பதிலை நான் எழுதுகிறேன். அவர் ட்ரைவோல் பலகையால் சுவர் அடைக்கிற வேலைக்காரர். பலகையை அளந்து பென்சிலால் கோடு போடச் சொன்னால் நாள் முழுக்கப் போடுவார். பேனாவைக் கொடுத்தால் கை வழுக்குகிறது என்பார்.

உங்கள் கடிதத்தை நான் வாசித்தேன், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பிள்ளையார் காதில் இடித்த இடத்தில் மட்டும் சிரித்தார். அந்தக் காயம் ஒரு கிழமை, ஏழு நாளும் இருந்தது ஐயா. எங்கே அடிபட்டது என்று கேட்டதற்கு அவர் எனக்குப் பதிலே சொல்லவில்லை, இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

படம் பத்திரமாக வந்து சேர்ந்தது. இவ்வளவு பெரிய அன்புக்கு நாங்கள் என்ன செய்வோம்? ஹரிஷ் தம்பி தேத்தண்ணி கூடக் குடிக்காமல் ஓடிவிட்டார், அதுதான் எனக்குக் குறை. நீங்களும் கூட வந்திருக்கலாம். புதுவீட்டில் படி குறைவு, உங்கள் முட்டிக்கு ஒன்றும் ஆகாது.

மகள் நுஸ்ரா யுனிவர்சிட்டியில் இரண்டாம் வருடம். எனக்குத் தையல் கடையில் வேலை கூடிவிட்டது. சாந்தா அன்ரியின் சேலைகளுக்கு ஓரம் அடித்த நூல் இன்னும் என் பெட்டியில் கிடக்கிறது.

உங்கள் பிள்ளை போல,
ஸாலிஹா


மிசிசாகா
4 நவம்பர் 2024

அன்பு மகள் ஸாலிஹாவுக்கு,

பலகாரம் கொண்டு வந்த ஹரிஷை உட்கார வைத்துச் சாப்பாடு போட்டு அனுப்பினாயாம். உன் குறை தீர்ந்திருக்கும். என் குறைக்கு வருகிறேன்.

படம் எந்தச் சுவரில் இருக்கிறது என்று அவனைக் கேட்டேன். எந்தச் சுவரிலும் இல்லை என்றான். ஆணி தாங்காது என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். சுவர் அடைக்கிறவன் வீட்டிலேயே சுவர் தாங்கவில்லை என்றால் எப்படி? பிடிக்கவில்லையா அம்மா? படம் கொஞ்சம் இருட்டுதான். எனக்கு வருத்தம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

கொஞ்சம் வருத்தம்தான்.

ஏகாம்பரம்


ரூஜ், ஸ்காபரோ
15 நவம்பர் 2024

அன்புள்ள ஐயாவுக்கு,

உங்கள் கடைசி வரியை வாசித்த பிறகு மறைக்க மனம் வரவில்லை. கோபிக்க மாட்டீர்கள் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

நாங்கள் தொழுகிற வீட்டில் உயிருள்ளவற்றின் உருவப் படம் மாட்டுவதில்லை. எங்கள் வாப்பா உம்மாவின் போட்டோவைக் கூட அல்பத்தில்தான் வைத்திருக்கிறோம். உங்கள் படத்திலோ ஆட்கள் இருக்கிறார்கள், அந்த முதியவரின் கையில் சிலைகளும் இருக்கின்றன. போர்வையை அவிழ்த்ததும் நானும் மின்ஹாஜும் ஆளை ஆள் பார்த்துக்கொண்டு நின்றோம். ஹாலில் மாட்டச் சொல்லியிருக்கிறார் ஐயா, மாட்டினால் எந்தப் பக்கம் நின்று தொழுவது என்று நான் கேட்டேன். இவர் சிரித்த சிரிப்பில் நுஸ்ரா மேலேயிருந்து இறங்கி வந்துவிட்டாள்.

திருப்பி அனுப்பவும் மனமில்லை, அது உங்கள் மனதை அனுப்பிய மாதிரி. அதனால் கராஜில் வைத்திருக்கிறோம். ஈரம் படாமல் கீழே பலகை வைத்து, மேலே கட்டில் விரிப்பால் மூடியிருக்கிறார். வேலையால் வந்ததும் விரிப்பைத் தூக்கி ஒருக்கால் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார். உங்கள் படத்துக்குக் கிடைக்கிற மரியாதை எனக்குக் கிடைப்பதில்லை.

பிழையாக எடுக்க வேண்டாம்.

ஸாலிஹா


மிசிசாகா
22 நவம்பர் 2024

அன்பு மகள் ஸாலிஹாவுக்கு,

வாய்விட்டுச் சிரித்தேன். இருமல் வந்து மருமகள் தண்ணீரோடு ஓடி வந்தாள். எத்தனையோ வருஷம் தபால் பிரித்தவன், கடைசியில் என் சொந்தப் பார்சலைத் தப்பான பையில் போட்டுவிட்டேன். பத்து வருஷம் எதிர்வீட்டில் இருந்தும் உங்கள் சுவரில் ஏன் ஒரு படமும் இல்லை என்று யோசிக்காதவன் நான்தான்.

கராஜிலேயே இருக்கட்டும் அம்மா. அவன் விரிப்பைத் தூக்கிப் பார்க்கிறான் என்றாயே, எனக்கு அது போதும்.

ஏகாம்பரம்


ரூஜ், ஸ்காபரோ
6 ஜனவரி 2025

அன்புள்ள ஐயாவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்க வேண்டும். எழுத உட்கார்ந்து எழுத்து வராமல் எழும்பிப் போயிருக்கிறேன். இது மின்ஹாஜுக்குத் தெரியாமல் எழுதுகிற கடிதம்.

டிசம்பர் விடுமுறைக்கு முன்னால் நுஸ்ரா அந்தப் படத்தைப் போனில் பிடித்து அவளுடைய டீச்சருக்குக் காட்டி, கதையைக் கேட்டு வந்தாள். அது ரோமாபுரிக்காரரின் பழங்கதையாம். துரோய் என்ற நகரத்தை எதிரிகள் கொளுத்திவிடுகிறார்கள். ஒரு வீரன் தகப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு மகனைக் கையில் பிடித்து ஓடுகிறான். மனைவியைப் பின்னால் வரச் சொல்கிறான். ஓடுகிற அவசரத்தில் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஊருக்கு வெளியே வந்து பார்த்தால் அவளைக் காணவில்லை.

இதைக் கேட்ட பிறகுதான் நாங்கள் அந்தப் பெண்ணைப் பார்த்தோம் ஐயா. வலது பக்க ஓரத்தில், இருட்டோடு இருட்டாக ஒரு முகமும் ஒரு கையும். நுஸ்ரா மேற்கொண்டு சொல்ல வந்தாள். மின்ஹாஜ் அவளைப் பேச விடவில்லை. விரிப்பை இழுத்து மூடிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்றையிலிருந்து அவர் கராஜுக்குள் போவதில்லை. இந்தப் பனியிலும் வாகனத்தைத் தெருவில்தான் விடுகிறார். சாப்பாடு இறங்குவதில்லை. என்ன பிழை என்று கேட்டுக் கேட்டு நான் களைத்துப்போனேன். போன கிழமைதான் வாய் திறந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“ஐயா வாயால சொல்ல ஏலாததைப் படமா அனுப்பியிருக்கிறார். நல்ல மனுசன், நேர சொல்ல மாட்டார். அன்ரி என்ர சட்டையைப் பிடிச்சுக்கொண்டு வந்தவ. நான் ஒருக்காத் திரும்பிப் பார்த்திருந்தா அவ இண்டைக்கு இருந்திருப்பா.”

நெருப்புப் பிடித்த நாளிலிருந்து இது அவருக்குள் கிடந்திருக்கிறது. பக்கத்தில் படுக்கிற எனக்குத் தெரியவில்லை. உங்கள் படம் வந்தபோது, ஐயா என்னைக் குற்றமாக நினைக்கவில்லை என்று முதல் தடவையாக நிம்மதிப்பட்டாராம். கதையைக் கேட்டதும் எல்லாம் தலைகீழாகிவிட்டது.

நீங்கள் அப்படி நினைத்து அனுப்பவில்லை என்று என் மனம் சொல்கிறது. ஆனால் நான் சொன்னால் அவர் கேட்க மாட்டார். ஐயா, உங்களிடம் நேராகக் கேட்கிறேன். மனதில் ஒரு மூலையிலாவது அவர் மேல் குறை இருந்தால் அதையும் எழுதுங்கள். எது என்றாலும் நீங்கள் சொன்னால்தான் அவர் நம்புவார்.

ஸாலிஹா


மிசிசாகா
13 ஜனவரி 2025

என் மகன் மின்ஹாஜுக்கு,

இதை ஸாலிஹா உனக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவள் எனக்கு எழுதினாள் என்று கோபப்படாதே. அவள் எழுதாமல் இருந்திருந்தால் நான் இங்கே என் வேலையைப் பார்த்துக்கொண்டு, நீ சந்தோஷமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு இருந்திருப்பேன்.

முதலில் படம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பெண்ணை நான் பார்க்கவே இல்லை. ஸாலிஹாவின் கடிதம் வந்த பிறகு, ஹரிஷ் போனில் எடுத்து வைத்திருந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன். ஆமாம், இருக்கிறாள். கிழவி கராஜில் அத்தனை நேரம் நின்று நான் பார்த்தது என் மொட்டைத் தலையையும் உன் தோளையும்தான். கிழவனுக்குத் தன்னைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது என்று சாந்தா சொல்வாள். உண்மைதான்.

அடுத்தது சாந்தா. இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவள் என்னிடம் கேட்டுக்கொண்டாள். அவள் சொல்லைத் தட்டி இன்று சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றி வைத்திருந்த ஒரு நாள் காலையில், படியில் என்ன நடந்தது என்று கேட்டேன். கால் தடுக்கியதா, மயக்கம் வந்ததா என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். பிறகு மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்:

“எனக்கு இனிமே இறங்க முடியாதுன்னு தெரிஞ்சு போச்சுங்க. நான் பிடிச்சிட்டே இருந்தா அந்தப் புள்ள எனக்காக நிக்கும். நின்னா மூணு பேருமே போயிருப்போம். அதான் கையை விட்டேன். அவன்கிட்ட சொல்லாதீங்க, வருத்தப்படும்.”

நீ கைவிட்டு அவள் விழவில்லை தம்பி. அவளாகத்தான் விட்டாள். நீ திரும்பிப் பார்க்கக் கூடாது என்றுதான் சத்தம் காட்டாமல் விட்டாள். அவளோடு வாழ்ந்தவன் சொல்கிறேன், அவள் ஒன்று முடிவு செய்துவிட்டால் நீ என்ன, நானே திரும்பிப் பார்த்திருந்தாலும் மாற்றியிருக்க முடியாது.

இன்னொன்று. நுஸ்ராவை நீ கதையை முடிக்க விடவில்லையாம். ஹரிஷைத் தேடிப் படிக்கச் சொன்னேன். அந்த வீரன் தகப்பனை இறக்கி வைத்துவிட்டு, தனியாக, எரிகிற ஊருக்குள் திரும்பிப் போகிறான். தெருத் தெருவாக அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். படம் வரைந்தவர் அதை வரையவில்லை. ஆனால் நான் பார்த்திருக்கிறேன். என்னைப் பனியில் படுக்க வைத்து, உன் ஜாக்கெட்டைக் கழற்றி மேலே போட்டுவிட்டு, சட்டையோடு நீ கதவை நோக்கி ஓடினாய். தீயணைப்புக்காரர்கள் உன்னைப் பிடித்து இழுத்தார்கள். நீ திமிறிக்கொண்டு, இந்தப் பக்கப் படி, இந்த மாடி என்று கத்தினாய். அன்ரி, அன்ரி என்று கத்தினாய். நீ சொன்ன இடத்தில்தான் அவளை எடுத்தார்கள். இல்லையென்றால் அந்தப் புகையில் யார் தேடியிருப்பார்கள்?

அதனால் எனக்கு அவள் பிப்ரவரி வரை கிடைத்தாள். என் வாழ்க்கையில் நான் அவளுக்குத் தலை வாரிவிட்டது அந்த நாட்களில்தான். கோணலாக வகிடு எடுத்தேன் என்று திட்டினாள். அவள் அக்காவோடு போனில் பேசினாள், ஹரிஷிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். நான் உனக்கு நன்றி சொல்வது என்னைத் தூக்கியதற்கு மட்டும் என்று நினைத்தாயா? அந்த நாட்களுக்கும் சேர்த்துத்தான். இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தால் இந்தக் கஷ்டம் இல்லை.

உன் மேல் எனக்கு எந்த மூலையிலும் குறை இல்லை. நீ வந்து கதவைத் தட்டிய நாளை நினைக்காமல் நான் படுப்பதில்லை.

பிப்ரவரி எட்டாம் தேதி, சனிக்கிழமை, சாந்தாவுக்கு வருஷத் திதி. வீட்டில் படையல் போடுகிறோம். நீங்கள் மூவரும் வர வேண்டும். ஸாலிஹாவிடம் பாடம் படித்தவன் இந்த முறை முன்னாலேயே யோசித்துவிட்டேன். படைத்ததை நீங்கள் சாப்பிட மாட்டீர்கள் அல்லவா? சமைத்து இறக்கியதும், படைக்கும் முன்பே, உங்களுக்குத் தனிப் பாத்திரத்தில் எடுத்து வைத்து முதலில் பரிமாறிவிடுகிறோம். எல்லாம் சைவம்தான். எங்கள் வழக்கத்தில் படைக்கும் முன்னால் யாரும் வாயில் வைப்பதில்லை. மருமகளுக்குக் கூட ஒரு தயக்கம். நான் சொல்லிவிட்டேன், அந்தப் பிள்ளை முன்னால் சாப்பிட்டால் உன் மாமியார் கோபிக்க மாட்டாள் என்று.

வா, மின்ஹாஜ்.

உன் முதுகில் வந்த,
ஏகாம்பரம்


ரூஜ், ஸ்காபரோ
25 ஜனவரி 2025

அன்புள்ள ஐயாவுக்கு,

இந்தக் கடிதம் என்னுடையது அல்ல. மின்ஹாஜ் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒரு சொல்லும் மாற்றக் கூடாது என்று பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறார். – ஸாலிஹா

ஐயா,

உங்கட கடிதத்தை இவ மூண்டு நாளா வாசிச்சா. அன்ரி சொன்ன இடம் வந்தா நான் திரும்ப வாசிக்கச் சொல்லுவன். அதால முடிய நாள் எடுத்தது.

எனக்குத் தெரிஞ்ச ஒண்டை நானும் சொல்ல வேணும். அவ கையை விட்டது எனக்குத் தெரியும். விட்டது மட்டும் இல்லை ஐயா, விட்டுட்டு இடுப்பில ஒரு தள்ளுத் தள்ளினவ. கெதியாப் போ எண்டு சொல்லுறா, பின்னால வாறா எண்டு நினைச்சுத்தான் நான் ஓடினனான். பிறகு யோசிச்சு யோசிச்சு, அது தள்ளு இல்லை, விழுற நேரம் என்னைப் பிடிக்கப் பார்த்த கை எண்டு எனக்குள்ள ஆகிட்டுது. ஒரு வருசம் அப்பிடித்தான் இருந்தது. இப்ப விளங்குது, அவ என்னை அனுப்பிவிட்டிருக்கிறா. அதை உங்களுக்குச் சொல்லாம விட ஏலாது. அது உங்களுக்குச் சேர வேண்டியது.

படத்தை நான் கொண்டு வாறன், ஹரிஷ் தம்பி வர வேண்டாம். உங்கட அறையில சுவரைத் தட்டிப் பார்த்து, உள்ளுக்கு மரம் ஓடுற இடத்தில நானே மாட்டித் தாறன். பாக்க வேணும் எண்டா அங்க வந்து பாக்கிறன்.

சாப்பாட்டு விசயம். எங்களுக்குத் தனியா எடுத்து வைக்கிறன் எண்டீங்களே, அது பெரிய மனசு. எடுத்து வையுங்கோ, ஆனா பரிமாற வேண்டாம். நான் மூடி வைச்சுக்கொண்டு இருக்கிறன். நீங்க முதல் அன்ரிக்குப் படையுங்கோ. அண்டைக்கு அவவுக்கு முன்னால நான் போயிட்டன். இந்த முறை அவ சாப்பிட்ட பிறகுதான் நான் சாப்பிடுவன்.

சனிக்கிழமை வாறன்.

மின்ஹாஜ்